சுடலையாண்டி தோட்டத்தில் மேய்ந்த உருண்டை

செவந்திக்குறிச்சியில் எதையாவது காவல் காக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தால், அதற்கு இருபத்தாறு வருடமாக ஒரே ஆள்தான். ஆணையில் கிராம உதவியாளர் என்றும், ஊர் வாயில் தலையாரி என்றும் வழங்கும் சுடலையாண்டி. தாமிரபரணியில் ஒதுங்கிய அடையாளம் தெரியாத பிணத்துக்குப் போலீஸ் வரும்வரை அவர் காவல். பிடிபட்ட மணல் லாரிக்கு அவர் காவல். கொடைத் திருவிழாவை எந்தத் தெரு நடத்துவது என்ற சண்டையில் பூட்டிய அம்மன் கோயிலுக்கு நாற்பது நாள் அவர்தான் காவல். உள்ளே இருந்த அம்மனும் வெளியே உட்கார்ந்திருந்த சுடலையாண்டியும் மட்டும்தான் அந்த வழக்கில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள்.

வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு, காக்கிச் சட்டை, அதற்குக் கீழே வேட்டி. காவலில் அவருடைய முறை எளிது. பொருளைத் தொடுவதில்லை, பிறரைத் தொட விடுவதில்லை, கேள்வி கேட்பவரிடம் "சார்ட்ட கேளுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை. சார் என்றால் கிராம நிர்வாக அலுவலர் அலி அஸ்கர். மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தொரு வயது, தேர்வெழுதி வேலைக்கு வந்தவர். விதி இருக்கிறதா என்று பார்க்காமல் விசிறியைக்கூடப் போடமாட்டார்.

தலையாரி வேலை போக, நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை போட்டிருந்தார் சுடலையாண்டி. குத்தகை அவர் பெயரில், உழைப்பு அவர் மனைவி வடிவம்மாள் பெயரில். ஏத்தன் என்றால் ஓணம். மலைக்கு அந்தப் பக்கம் திருவோணத்துக்கு முந்தின நாள்வரை ஏத்தங்காய்க்கு இருக்கும் மரியாதை, மறுநாள் காலையில் இருக்காது. அதனால் இந்தப் பக்கத்தில் கன்று நடுகிற தேதியையே ஓணத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிப்பார்கள். போன வருடம் எண்ணியது சரியாகத்தான் இருந்தது, காற்று முந்திக்கொண்டது. பாதித் தோட்டம் குலையோடு சாய்ந்தது. இந்த வருடமும் ஓணத்தைத் தவறவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார். குலைகளும் இந்த முறை நன்றாகத் திரண்டிருந்தன. எண்ணூறு மரம்.

திருவோணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த எண்ணூறு எழுநூற்றுத் தொண்ணூற்றாறு ஆயிற்று.

வடிவம்மாள் அப்போது தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் மரங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது வேட்டியைக் கிழிப்பதுபோல மேலே ஒரு சத்தம், அப்புறம் மண் அதிர்ந்த சத்தம். போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஓடாமல், நடந்தே கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வந்தாள்.

"வானத்துல இருந்து எவனோ ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டான். நாலு மரம் போச்சு, குலையோட" என்றாள்.

சுடலையாண்டி என்னதென்று கேட்டார்.

"உருண்டையா இருக்கு. நெல்லு அவிக்கிற குட்டுவம் தண்டி பெரிசு. கருகிப் போயிக் கெடக்கு. நான் தொடல."

தலையாரியோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள், தொடமாட்டாள்.

மதியத்துக்குள் இன்ஸ்பெக்டர் வந்தார், தீயணைப்பு வண்டி வந்தது, தாசில்தார் அம்மா வந்தார், இரண்டு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நாலடி ஆழக் குழியில் அந்தக் கறுப்பு உருண்டை பாதி புதைந்து கிடந்தது. ஏதோ எழுத்து இருந்த இடம் தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. விண்வெளியில் சுற்றிய ஏதோ ஒன்றின் உடைந்த பாகமாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ராணுவச் செயற்கைக்கோளாக இருக்கலாம் என்று அடுத்தவர் சொல்ல, மூன்றாவது ஆள் வாயைத் திறக்கும்போது அது அணு உலையாகிவிட்டது. சுற்றிலும் நூறு மீட்டர் தடை. ஒரு ஏக்கர் தோட்டத்தின் நடுவில் நின்று நூறு மீட்டர் வட்டம் போட்டால் தோட்டம் மிச்சமிருக்காது.

ஆணையை அலி அஸ்கர் படித்துக் காட்டினார். பொருளை யாரும் அசைக்கக் கூடாது. மேற்படி நிலத்தின் குத்தகைதாரர் உட்பட எவரும் உள்ளே நுழையக் கூடாது. நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிராம உதவியாளருடையது. சுடலையாண்டி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நுழையமாட்டேன் என்று குத்தகைதாரராக ஒன்று, நுழைய விடமாட்டேன் என்று தலையாரியாக ஒன்று. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்த் தன் தோட்டத்து வரப்பில், தன் தோட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சாரல் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வடிவம்மாள் கயிறும் அரிவாளுமாக வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"உள்ள போவக் கூடாது, வடிவு."

"யாரு சொல்லுதா?"

"தலையாரி."

"தலையாரிட்ட சொல்லுங்க, குத்தகைக்காரரு பொண்டாட்டி வந்திருக்கா, கிழக்கு வரிசையில ரெண்டு மரம் சாயப் பாக்குதுன்னு."

"குத்தகைக்காரருக்குந்தான் தடை. கையெழுத்துப் போட்டிருக்காரு."

வடிவம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சாயங்காலம் சோறு திங்க வீட்டுக்கு வருவாருல்லா, அப்பம் பேசிக்கிடுதேன் அவருட்ட" என்றாள்.

அவள் போகாமல் அங்கேயே நின்றாள். பத்து மணிவாக்கில் காற்று ஓங்கியது. இரண்டு மரமும் இருவர் கண்முன்னாலும் பைய மடங்கிச் சாய்ந்தன.

திருநெல்வேலிச் சீமைக்கு அணுவும் புதிதில்லை, ராக்கெட்டும் புதிதில்லை. தெற்கே கூடங்குளத்தில் உலை இருக்கிறது. மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சினைக் கட்டிப்போட்டு எரியவிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே போனால் என்ன ஆகும் என்பதுதான் ஊர் டீக்கடைக்குப் புதுப் பாடம். அதை நடத்தினவர் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஜோஷுவா. உலகத்தில் இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. பெயர் எதற்கு, மேல வீடு கீழ வீடு என்று ஊர் வழக்கப்படி வைத்துக்கொண்டால் போதும். மேல வீட்டுக்காரனுக்கு வானத்தில் ஆயிரக்கணக்கில் கண், எல்லாம் செயற்கைக்கோள். கீழ வீட்டுக்காரன் அந்தக் கண்களைப் பொசுக்குவதற்கு மேலே அணுகுண்டு கொண்டுபோகப் பார்க்கிறான் என்று மேல வீட்டுக்காரன் பிராது சொல்கிறான். நான் ஏன் செய்யப்போகிறேன், நீதான் நிலாவில் உலை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கீழ வீட்டுக்காரன் எதிர்ப்பிராது சொல்கிறான். வானத்தில் அணுகுண்டு வைக்கக் கூடாது என்று அறுபத்தேழிலேயே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. உலை வைக்கக் கூடாது என்று போடவில்லை. எழுபத்தெட்டில் அப்படி உலையோடு சுற்றிய ஒரு வேவுச் செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து, பனிக்காட்டில் மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள்.

வாய்க்காலில் முறைத் தண்ணீர்ச் சண்டை மாதிரிதான் என்று சுடலையாண்டிக்கு விளங்கியது. எதிராளி மடையைத் திறப்பானோ என்று இவனும், இவன் திறப்பானோ என்று அவனும் மண்வெட்டியோடு ராத்திரியெல்லாம் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வயலும் காயும்.

மூன்றாம் நாள் அளவுக் கருவியோடு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். உருண்டைக்கு முன்னும் பின்னும் மேலும் கருவியைக் காட்டினார்கள். தலைமை அதிகாரி நேர்மையானவர். அதுதான் அன்றைக்கு நேர்ந்த கெடுதல். இது உலையும் இல்லை, குண்டும் இல்லை, காலியான வாயுக் கலம், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளி வைத்தால் இதைவிட அதிகம் காட்டும் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தொலைக்காட்சிக்காரர் கதிர்வீச்சு அறவே இல்லையா என்று கேட்டார். அறவே இல்லை என்று ஒரு விஞ்ஞானி எப்படிச் சொல்லுவார்? உலகத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது, மனித உடம்பில் இருக்கிறது, பொட்டாசியம் இருப்பதால் இதோ இந்த வாழைப்பழத்திலும் துளி இருக்கிறது என்று தோட்டத்தைக் கைகாட்டினார். சாயங்காலச் செய்தியில் 'செவந்திக்குறிச்சி வாழையில் கதிர்வீச்சு: அதிகாரி ஒப்புதல்' என்று ஓடியது. பின்னணியில் வடிவம்மாள் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள்.

சுடலையாண்டி அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை. காவலில் இருந்தார். ஆபத்தில்லை என்று அதிகாரி சொன்னதை மட்டும் காதால் கேட்டார். அப்படியானால் நாளைக்குத் தடையை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

எடுக்கவில்லை. ஆபத்து இல்லாவிட்டால் என்ன, உடையவன் யார் என்று தெரிய வேண்டாமா? மேலே அனுப்பிய பொருள் எங்கே விழுந்தாலும், எத்தனை வருடம் கழித்து விழுந்தாலும், அனுப்பிய நாட்டுக்குத்தான் சொந்தம். விழுந்து கெடுத்ததற்கும் அந்த நாடுதான் பொறுப்பு. ஆகவே உரியவர் தெரியும்வரை அசைக்காதே என்று டெல்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கும், அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கும் தகவல் இறங்கி, கடைசியில் வரப்பில் இருந்த சுடலையாண்டி தலையில் வந்து உட்கார்ந்தது. டெல்லி எல்லா நாட்டுக்கும் எழுதிக் கேட்டது. மேல வீடு எங்களுடையது இல்லை, கீழ வீட்டில் விசாரிக்கவும் என்றது. கீழ வீடு எங்களுடையது விழுவதே இல்லை என்றது. ஏதோ ஒரு சின்ன நாடு மட்டும், எங்களிடம் இருப்பதே ஒன்றுதான், அது இன்னும் மேலேதான் இருக்கிறது, பார்த்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்கும் பாவனையில் எழுதியிருந்தது.

இப்படி எட்டு நாள் போயிற்று. அம்பாசமுத்திரம் வாழை வியாபாரி நூகு அண்ணாச்சியின் கடைசி ஓணம் லாரி திருவோணத்துக்கு நாலு நாள் முன்னால் செங்கோட்டை தாண்டிவிடும். அதற்கு இன்னும் எட்டே நாள். வரப்பில் இருந்தபடியே சுடலையாண்டி குலைகளைப் பார்ப்பார். காய்கள் உருண்டு திரண்டு, ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தன. இதற்கிடையில் இன்னும் முப்பது மரத்தைக் காற்று எடுத்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் அலி அஸ்கர் முன்னால் போய் நின்றார். அவராக வந்து பேச்சைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை.

"சார், இது பவுண்டுக் கேசு."

ஊர் ஓரத்தில் ஊராட்சிக்கு ஒரு பவுண்டு உண்டு. பயிரில் மேய்ந்த கேட்பாரற்ற மாட்டை அடைக்கிற தொழு. சாவி தலையாரியிடம். மேய்ந்த மாட்டைப் பயிர்க்காரனே பிடித்துக்கொண்டு போய் அடைக்கலாம் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்தத் தொழுவில் சுடலையாண்டி இருபத்தாறு வருடத்தில் ஒன்றைக் கற்றிருந்தார். இது யார் மாடு என்று கேட்டால் ஊரே கையை விரிக்கும். ஏலம் என்று ஒட்டினால் மூன்று பேர் வருவார்கள்.

அலி அஸ்கர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அண்ணாச்சி, இதுக்குக் கால் இல்லையே."

"பயிரை அழிச்சிருக்கு. உடையவன் தெரியல. வேற என்ன வேணும் சார்?"

"சட்டத்துல கால்நடைன்னுல்லா போட்டிருக்கு."

"நடந்து வராமலா சார் தோட்டத்துக்குள்ள வந்துது? எங்கயோ கிளம்பி, ஒலகத்தச் சுத்திட்டுல்லா வந்திருக்கு."

அலி அஸ்கர் வெகுநேரம் யோசித்தார். யோசித்ததில் ஒரு விஷயம் அவருக்குத் தட்டுப்பட்டது. இந்த உருண்டையை எப்படிக் கையாள்வது என்று எந்த விதியும் இல்லை. பவுண்டுக்காவது ஒரு விதி இருக்கிறது. விதி இருக்கிற இடம்தான் அவருக்கு வீடு. 'ஆபத்தற்றது எனச் சான்றளிக்கப்பட்ட மேற்படி பொருளை, உரியவர் வரும்வரை, பாதுகாப்பு கருதிப் பூட்டுள்ள பவுண்டில் வைக்கலாமா' என்று கோப்பு எழுதித் தாசில்தாருக்கு அனுப்பினார். தாசில்தார் அம்மாவுக்கும் தினம் பத்து பேர் போன் செய்து உருண்டை எப்படி இருக்கிறது என்று சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே 'விதிப்படி செய்க' என்று எழுதி அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இந்த இரண்டு சொல்லுக்கு மேல் பலம் கொண்ட ஆயுதம் இன்னும் செய்யப்படவில்லை.

பத்தாம் நாள் நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி, குட்டியானை வண்டியில் வைக்கோல் மேல் ஏற்றி, உருண்டை பவுண்டுக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு செவலைக் கன்று நின்றது. அது உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. பயிர்க்காரராகச் சுடலையாண்டி ஒப்படைத்தார், தலையாரியாகப் பெற்றுக்கொண்டார். பதிவேட்டில் தீவனம் என்ற கட்டத்துக்கு நேரே அலி அஸ்கர் 'உண்ணவில்லை' என்று எழுதினார். கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

'நிறம் கறுப்பு. உருண்டை வடிவம். காதுவெட்டு, சூட்டுக்குறி இல்லை. மேய்ந்தது ஏத்தன் வாழை, நான்கு மரம். உரியவர் ஏழு நாளைக்குள் வந்து மீட்டுக்கொள்ளாவிட்டால் ஏலம் விடப்படும்.'

தடை நீங்கியது. வடிவம்மாள் தோட்டத்துக்குள் இறங்கினாள். சுடலையாண்டி நேரே அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறி நூகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

நூகு அண்ணாச்சி அவரை உட்காரச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதே சுடலையாண்டிக்கு விளங்கிவிட்டது. வியாபாரி வேண்டிய சரக்குக்கு டீ வாங்கித் தர மாட்டார்.

"தலையாரி, ஒம்ம மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் நூகு. "மலையாளத்தான் எடுக்க மாட்டேங்கான். செவந்திக்குறிச்சிக் காயா, லாரியை மலைக்கு அங்கனயே நிறுத்திக்கிடும்னுட்டான். அந்த டிவிய அவனும் பாக்கானே."

சுடலையாண்டி, பழத்தில் ஒன்றுமில்லை, அதிகாரியே சொன்னார் என்றார்.

"எனக்குத் தெரியாதா வே? நேத்து நான் ரெண்டு தின்னேன். ஆனா நான் தின்னதை எவன் டிவில காட்டுதான்?" அவர் நெஞ்சில் கை வைத்தார். "வர்ற வியாழக்கிழமை என் கடைசி லோடு. அதுக்குள்ள யாராவது அந்த மலையாளத்தானுக்குப் பயம் தெளிய வச்சா, அல்லா மேல ஆணை, ஒம்ம காயைத்தான் மொதல்ல ஏத்துவேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வடிவம்மாள், ஒன்பது நாள் வரப்பில் உட்கார்ந்து காத்தது எதை என்று கேட்டாள். வெட்டினால் வாங்க ஆளில்லை, வெட்டாவிட்டால் மரத்திலேயே வெடிக்கும். வியாழக்கிழமைக்கு ஏழு நாள்.

இதற்குள் பவுண்டு கதவில் ஒட்டிய அறிவிப்பை ஜோஷுவா படம் பிடித்துத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அது குழு குழுவாகத் தாவி நாளிதழுக்குப் போய், அங்கிருந்து ஆங்கில நாளிதழுக்குப் போய், சென்னையில் இருக்கிற இரண்டு துணைத் தூதரகங்களின் மேசைக்குப் போயிற்று. இரண்டு நாளில் டெல்லிக்கு இரண்டு கடிதம். அந்தப் பொருள் எங்களுடையது அல்ல என்பதை மீண்டும் உறுதி செய்கிறோம், இருப்பினும் அதை ஏலம் விடுவதைக் கவலையோடு நோக்குகிறோம், எங்கள் நிபுணர் வந்து பார்வையிட விரும்புகிறார். இரண்டும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததுபோல இருந்தன. தன்னுடையதாக இருந்தால் மற்றவன் பார்க்கக் கூடாது, மற்றவனுடையதாக இருந்தால் தான் பார்த்தே ஆக வேண்டும், அதுதான் விஷயம் என்று டீக்கடையில் ஜோஷுவா விளக்கினார். சுடலையாண்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஏலத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை வந்தார்கள். மேல வீட்டு நிபுணர் செம்பட்டை முடியோடு பனை உயரம். கீழ வீட்டு நிபுணர் குட்டையான, தடிக் கண்ணாடிக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் டெல்லி அதிகாரி ஒருவர். பின்னால் தாசில்தார், அலி அஸ்கர், அன்றைக்குப் பார்த்து ஐந்து தொலைக்காட்சிக்காரர்கள். நிபுணர்கள் உருண்டையை ஒரே தூரத்தில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். செவலைக் கன்றுக்கு அதற்குள் உரியவர் வந்து மீட்டுப் போயிருந்ததால் இடம் தாராளமாக இருந்தது. கடைசியில் டெல்லி அதிகாரி, உருண்டையைத் தாங்களே முத்திரையிட்டு எடுத்துப்போவதாகவும், உரிமை பற்றிப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி.

அலி அஸ்கர் தொண்டையைச் செருமினார். பவுண்டிலிருந்து எதை விடுவித்தாலும், பயிர்க்காரர் ஆட்சேபம் இல்லை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி என்றார். டெல்லி அதிகாரி பயிர்க்காரர் யார் என்று கேட்டார். பதிவேட்டைக் கையில் வைத்திருந்த தலையாரியைக் காட்டினார்கள். அதிகாரியின் முகம் சுருங்கியது. நஷ்டஈடு கேட்கப்போகிறான், இரண்டு நாட்டில் எந்த நாட்டிடம் என்று கேட்டாலும் வம்பு.

"கையெழுத்துப் போடுதேன் சார்" என்றார் சுடலையாண்டி. "அதுக்கு முன்ன ஒண்ணு. தூரத்துல இருந்து வந்திருக்காங்க. எங்க தோட்டத்துப் பழத்த ஆளுக்கு ஒண்ணு தின்னுட்டுப் போவட்டும். அந்தா, அந்தக் கேமராவப் பாத்து."

சாய்ந்த மரத்துக் குலைகள் வீட்டில் பழுத்துக் கிடந்தன. வடிவம்மாள் விடியற்காலையிலேயே ஒரு சட்டி நிறைய அவித்து, இலை போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். ஆவி பறக்க இரண்டு இலையில் ஒவ்வொன்று வைத்தாள்.

மேல வீட்டுக்காரர் பழத்தைப் பார்த்தார். அவரும் அந்தச் செய்தியைப் படித்திருக்க வேண்டும். டெல்லி அதிகாரியின் காதில் ஏதோ கேட்டார். அந்தத் தயக்கத்தைக் கீழ வீட்டுக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்ததும் பழத்தை எடுத்து, தோலை உரித்து, கேமரா பக்கம் திரும்பி நின்று, நிதானமாகத் தின்றார்.

அதற்கு மேல் யாரும் உபசாரம் பண்ண வேண்டியிருக்கவில்லை. மேல வீட்டுக்காரர் ஒன்றைத் தின்று, கேட்காமலே இன்னொன்றை எடுத்தார். கீழ வீட்டுக்காரர் இரண்டாவதை முடித்து மூன்றாவதுக்குப் போனார். மூன்றைக் கண்டதும் மேல வீட்டுக்காரர் நாலாவதுக்கு வந்தார். ஏத்தம்பழம் அவித்தது, ஒன்று தின்றாலே மத்தியானச் சோறு வேண்டாம். ஐந்தாவதில் இரண்டு பேர் நெற்றியிலும் வேர்வை. ஆறாவதை இரண்டு பேரும் கையில் எடுத்துவிட்டார்கள், தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. டெல்லி அதிகாரி இருவரையும் தனித்தனியாக ஓரம் கூட்டிப் போய்ப் பேசினார். இரு தரப்பும் ஐந்தோடு நிறுத்திக்கொள்வது, ஆறாவதை ஒரே சமயத்தில் இலையில் திருப்பி வைப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. அப்படியே வைத்தார்கள்.

"மிச்சம் வைக்காண்டாம், சட்டியில இன்னும் கெடக்கு" என்றாள் வடிவம்மாள்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. சுடலையாண்டி கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஐந்து தொலைக்காட்சியிலும் ஐந்து பழம் ஓடியது. யார் முன்னால் தின்றது, யார் அதிகம் தின்றது என்று இரண்டு நாட்டுச் செய்திகளிலும் வேறு வேறு கணக்கு வந்ததாக ஜோஷுவா சொன்னார். ஏழு மணிக்கு நூகு அண்ணாச்சி போன் செய்தார்.

"வே தலையாரி, மலையாளத்தான் கூப்பிட்டான். வெள்ளைக்காரன் தின்ன காயாம், அதுதான் வேணுமாம் அவனுக்கு. விடியறதுக்குள்ள ஆள் வச்சு வெட்டிப் போடும். ஒம்போது மணிக்கு லாரி அங்கன நிக்கும்."

வியாழக்கிழமை விடியும்போது எட்டு பேர் தோட்டத்தில் நின்றார்கள். சுடலையாண்டியும் வெட்டினார், வடிவம்மாள் குலைக்கு இலைச்சருகு சுற்றினாள். அறுநூற்றுச் சொச்சம் தேறியது. மிச்சத்தில் காற்று கொண்டுபோனது பாதி, மரத்திலேயே வெடித்துப்போனது பாதி. நூகு அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வேறு தோட்டத்துக் காயை இறக்கிவிட்டு இதை அடியில் அடுக்கினார். பதினோரு மணிக்கு லாரி கிளம்பிப் போயிற்று.

லாரிச் சத்தம் கேட்டு நிலத்துக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெட்டிய தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த குத்தகைக்கு யாரோ ஒருவரிடம் பேசி வைத்திருந்தது ஊருக்கே தெரியும், ஆனால் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நடுவில் உருண்டை விழுந்த குழியின் ஓரத்தில் நின்று, இதைத் தூர்த்து நிரவிக் கொடுக்கிற பொறுப்பு யாருடையது, அந்த நாடுகளுடையதா, சர்க்காருடையதா என்று கேட்டார்.

வடிவம்மாள் குழிக்குள் இறங்கினாள். அடி மண்ணை ஒரு பிடி அள்ளி, பிசைந்து பார்த்தாள்.

"ஒருத்தரும் தூர்க்க வேண்டாம்" என்றாள். "மண்ணு நல்லா எளகிக் கெடக்கு. ஆள் வச்சுத் தோண்டுனாக்கூட இப்படி வராது. இதுல ரெண்டு கன்னு வைக்கலாம்."

சுடலையாண்டி அடுத்த ஓணம் என்றைக்கு என்று நிலத்துக்காரரிடம் கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தேதி பார்க்கத் தொடங்கினார்.